வேகம் ஐந்து

ஏழாயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய். வேல்ராஜ் தன் வீட்டுக்காரருக்குத் தர வேண்டிய பாக்கி இதுதான். லட்சமும் இல்லை, கோடியும் இல்லை. ஆனாலும் ஒரு மனுசன் வாயை அடைத்து வைக்க அது தாராளமாகப் போதும்.

வாய் அடைபட்டு என்ன, காது திறந்துதானே கிடக்கிறது. காலையில் மாடி ரூமில் பாயை விரித்துப் படுத்து, கண் சொக்குகிற நேரம் பார்த்துக் கீழ்வீட்டில் நாதஸ்வரம் கிளம்பியது. பின்னாலேயே தவில். தவில்காரர் தரைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு இவன் விலா எலும்பாகப் பார்த்து அடிப்பதுபோல இருந்தது. வேல்ராஜ் தலையணையை எடுத்துக் காதின்மேல் வைத்து அமுக்கினான். தலையணைக்குள்ளும் தவில் வந்தது.

ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் அவனுக்கு நிரந்தர நைட் ஷிப்ட். நிரந்தரம் என்பது ஷிப்டுக்குத்தான், வேலைக்கு இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் இந்த ரூமை எடுத்த அடுத்த வாரமே கம்பெனியில் பிரேக் விட்டார்கள். பிரேக் என்றால் வேலையை விட்டுத் துரத்துவது இல்லை. துரத்தினதாகத் தாளில் எழுதிக்கொண்டு, கொஞ்ச நாள் கழித்துப் புது ஆள் மாதிரி மறுபடி கூப்பிடுவது. அந்தக் கொஞ்ச நாள் மூன்று மாதமாக நீண்டது. வேல்ராஜ் சங்கரன்கோவில் பக்கம் தன் ஊரில் போய் உட்கார்ந்திருந்தான். ரூமும் இங்கே சும்மா உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்த ரூமுக்கும் வாடகை உண்டு.

திரும்பி வந்தபோது வீட்டுக்காரர் ஸ்ரீநிவாசராகவன் பாக்கியைப் பற்றி மூச்சு விடவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார். கண்டபடி திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

இன்றைக்கு என்ன ஆனாலும் சொல்லிவிடுவது என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு படி இறங்கினான். சார், ராத்திரி முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வருகிறேன், பாட்டைக் கொஞ்சம் குறைத்தால் புண்ணியமாகப் போகும். சொல்ல வேண்டியது அவ்வளவுதான். படிக்குப் படி அதையே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தான்.

கூடத்தில் ஸ்ரீநிவாசராகவன் ஸ்டூல்மேல் நின்றுகொண்டிருந்தார். தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனுசர். விடியலில் கோயிலுக்குப் போய் கோஷ்டியில் நின்று பாசுரம் சேவித்துவிட்டு வந்தால், அப்புறம் மத்தியானம் வரை ஈஸிசேர்தான். ஆம்ப்ளிஃபயர் பரண்மேல் இருந்தது. அதன் குமிழைத் திருகத்தான் ஏறியிருக்கிறார். ஒரு கை பரணில், ஒரு கை சுவரில், முழங்கால் இரண்டும் தந்தி அடித்தது. கீழே அவர் மனைவி மரகதவல்லி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். குளிருக்கோ என்னவோ, இருவர் தலையிலும் காதை மூடித் துண்டு.

"வா வேல்ராஜ்" என்றார் அவர் மேலிருந்தே. பிறகு கொஞ்சம் தயங்கி, "ஏம்ப்பா, சத்தம் ஜாஸ்தியா இருக்கோ? இருந்தா சொல்லிடு. மனசு விட்டுப் பேசிக்கலாம்."

வேல்ராஜ் வாயைத் திறந்தான். ஏழாயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய் உள்ளே வந்து நாக்கின்மேல் உட்கார்ந்தது.

"அதெல்லாம் இல்ல சார். கேக்கதுக்கு நல்லாத்தான் இருக்கு."

அவர் முகம் ஏனோ கொஞ்சம் வாடியது. மாமி பெருமூச்சு விட்டாள். பாட்டை இன்னும் யாராவது புகழ வேண்டும்போல இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வேல்ராஜ், தவிலும் பிரமாதம் என்று சேர்த்துச் சொன்னான்.

அப்போதுதான் அவர் சுவரில் இருந்த பேனலைக் காட்டினார். தீபாவளிக்கு மகன் ஷ்ரவண் ஹைதராபாத்திலிருந்து வந்தபோது வாங்கிப் பதித்துவிட்டுப் போன தொடுதிரை. விளக்கு, மின்விசிறி எல்லாவற்றையும் விரலால் தொட்டே போடலாம், அணைக்கலாம். பெற்றவர்கள் இருவரும் அவன் ரயில் ஏறின அன்றே பழைய சுவிட்சுக்குத் திரும்பிவிட்டார்கள். பேனல் தன்பாட்டுக்கு மணி காட்டிக்கொண்டும், ஹைதராபாத் வெயிலைச் சொல்லிக்கொண்டும் சுவரில் கிடந்தது. ஸ்ரீபெரும்புதூரில் மழை கொட்டும்போதும் அதில் வெயில்தான்.

ஸ்டூலில் ஏறி இறங்கத் தனக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்றும், விழுந்து வைத்தால் யார் பார்ப்பது என்று மாமி தினமும் அழுகிறாள் என்றும், பாட்டுப் பெட்டியை இந்தப் பேனலோடு சேர்த்துவிட்டால் இருந்த இடத்தில் ஒரு விரலால் காரியம் முடியும் என்றும் அவர் சொன்னார்.

"ஒங்க கம்பெனில இதே டச் ஸ்கிரீன்தானே பண்றேள். நோக்கு இது ஒரு வேலையா? இதை மட்டும் பண்ணிக் குடுத்துடு. அந்தப் பழைய பாக்கியை ரெண்டு பேருமே மறந்துடுவோம்."

வேல்ராஜ் கம்பெனியில் செய்கிற வேலை இது. காருக்குப் போகிற தொடுதிரை ஒவ்வொன்றாக பெல்ட்டில் வரும். நாலு மூலையிலும் நடுவிலும் விரலால் தொட வேண்டும். பச்சை எரிந்தால் தள்ளிவிட வேண்டும். சிவப்பு எரிந்தால் வேறு பெட்டியில் போட வேண்டும். அதற்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்கும் தெரியாது, அவன் சூப்பர்வைசருக்கும் தெரியாது. ஆனால் பாக்கியை மறப்பது என்ற சொல் காதில் விழுந்ததும் அவனுக்கு எல்லாம் தெரிந்ததுபோல ஆகிவிட்டது. இன்னொரு கணக்கும் மனசுக்குள் ஓடியது. குமிழ் இருக்கிறவரை அவர் கையில்தான் சத்தம். பேனலுக்கு வந்துவிட்டால் சத்தம் நம் கையில்.

"பாத்துருதேன் சார்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்க்ரூ டிரைவரோடு இறங்கினான். போனில் யாரோ ஒரு வடநாட்டுக்காரன் இதே மாதிரிப் பேனலைக் கழற்றிக் காட்டுகிற வீடியோ. பேச்சு இந்தி. வேல்ராஜுக்கு அவன் கை பேசியது மட்டும் புரிந்தது. மெயினை அணைத்துவிட்டுப் பேனலைக் கழற்றினான். கூடத்து விளக்குக்குப் போகிற வயரைப் பிரித்து, ஆம்ப்ளிஃபயருக்குப் போகிற வயரோடு முறுக்கி டேப் சுற்றினான். மெயினைப் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பேனலில் 'ஹால் லைட்' என்று இருந்த இடத்தைத் தொட்டான்.

நாதஸ்வரம் எழுந்தது.

ஸ்ரீநிவாசராகவன் எழுந்து நின்று கை தட்டினார். மாமி உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் அக்காரவடிசல் கொண்டுவந்து கொடுத்தாள். பாக்கி தீர்ந்ததா என்று அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. பெயரை மாற்ற மட்டும் வேல்ராஜுக்குத் தெரியவில்லை. அதனால் பாட்டின் பெயர் அந்த வீட்டில் ஹால் லைட் என்று ஆகிவிட்டது. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் மாமி, பேனல் பழகிவிட்ட தைரியத்தில், மறந்துபோய் அதில் லைட்டைத் தொட, மல்லாரி முழங்கி, தெருவில் பெருமாள் புறப்பாடு என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் தேங்காய்த் தட்டோடு வாசலுக்கு வந்தார்கள்.

திங்கட்கிழமை காலை வேல்ராஜ் படுத்தான். அசதி அள்ளிக்கொண்டு போனது. அவ்வளவுதான், நாதஸ்வரம். எழுந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் தானாக நின்றது. மறுபடி படுத்தான். மறுபடி நாதஸ்வரம். முன்பெல்லாம் முழங்கால் வலிக்குப் பயந்து காலையில் ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை போடுவார்கள். இப்போது விரலுக்கு என்ன வலி? நினைத்தபோதெல்லாம் போட்டார்கள். ஸ்டூலை ஒழித்துக் கொடுத்ததே தான்தான் என்பது வேல்ராஜுக்கு அப்போதுதான் உறைத்தது.

போடுவது அணைப்பது மட்டும் போதாது, சத்தத்தை ஏற்றவும் இறக்கவும் வழி செய்ய வேண்டும் என்று அவர் சொன்னபோது, இறக்கவும் என்ற பாதியைப் பிடித்துக்கொண்டு வேல்ராஜ் சந்தோசமாகத் தலையாட்டினான். வைஃபையில் வேலை செய்கிற சின்ன டப்பா ஒன்றை அவர் செலவில் வரவழைத்து ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் மாட்டினான். பேனலில் பாட்டுக்கென்று தனிப் பக்கம் கிடையாது. இருந்தது மின்விசிறிப் பக்கம். அதில் வேகம் ஒன்றிலிருந்து ஐந்து வரை. ராத்திரி கம்பெனி கேண்டீனில் சோறு ஆறிப்போக வீடியோ வீடியோவாகப் பார்த்து, மின்விசிறியின் வேகத்தைப் பாட்டின் சத்தமாக மாற்றிவிட்டான். அதில் ஒரு சின்னத் திருட்டுத்தனமும் செய்தான். வேகம் ஐந்து வைத்தாலும் பழைய குமிழில் பாதிச் சத்தம்தான் வரும்.

மறுநாள் காலை படுத்தான். நாதஸ்வரம் யாரோ அடுத்த தெருவில் ஊதுவதுபோலக் கேட்டது. தவில் வயிற்றைத் தட்டிக் கொடுப்பதுபோல இருந்தது. ஆஹா என்று தூங்கிப்போனான். வந்ததிலிருந்து அப்படி ஒரு தூக்கம் தூங்கினதில்லை.

எழுந்து பார்த்தால் ஸ்ரீநிவாசராகவன் மாடிப்படியில் நிற்கிறார். கண் சிவந்திருந்தது.

"வேகம் அஞ்சு போறலைப்பா" என்றார்.

"போறலையா சார்?"

"போறவே இல்லை. நானும் வீணை வச்சுப் பார்த்தேன், புல்லாங்குழல் வச்சுப் பார்த்தேன். எதுவும் எடுபடலை. நாதஸ்வரமே தோத்துப்போறது. பெரிய மனசு பண்ணி அஞ்சைக் கொஞ்சம் ஏத்திக் குடு."

பாக்கி நாக்கின்மேல் உட்கார்ந்திருக்க, வேல்ராஜ் ஐந்தை ஏற்றிக் கொடுத்தான். அவர் காதுக்கு ஏதோ கோளாறு, பாவம், வயசாகிறது என்று நினைத்துக்கொண்டான். இந்தத் தடவை பழைய குமிழ் கண்ணால் கண்டிராத சத்தம் ஐந்தில் வந்தது.

அடுத்த வாரம் மாமி தன் பங்குக்குக் கேட்டாள். சமையலறையில் எதுவும் கேட்பதில்லை, அங்கே நின்று தளிகை பண்ண முடியவில்லை, அங்கேயும் ஒரு ஸ்பீக்கர் வேண்டும். எங்கே மாட்டுவது என்று அவன் கேட்டதற்கு, ஜன்னல், அலமாரி எல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கரண்டியால் கூரையைக் காட்டினாள். காட்டின இடத்துக்கு நேர் மேலே வேல்ராஜின் பாய். தன் தலைமாட்டுக்குத் தானே துளை போட்டு, தானே வயர் இழுத்து, தானே ஸ்பீக்கர் மாட்டினான். மாமி அதற்கும் ஒரு கிண்ணம் அக்காரவடிசல் கொடுத்தாள். நெய் தொண்டையில் நின்றது.

இதற்கு நடுவில் காவேரி. அந்த வீட்டில் பெருக்கித் துடைக்க வருகிற அம்மா. அவளுக்குப் பேனல் என்பது துடைக்க வேண்டிய இன்னொரு கண்ணாடி. ஈரத்துணியால் மேலிருந்து கீழாக ஒரு இழு இழுப்பாள். பாட்டு ஐந்துக்குப் போகும். அதைச் சரி செய்ய மறுபடி துடைப்பாள். சமையலறையும் சேர்ந்துகொள்ளும்.

"இன்னா தம்பி, கண்ணாடின்னு பாத்தா கத்துது" என்று அவள் ஒருநாள் வேல்ராஜிடமே புகார் சொன்னாள். "இத தொடச்சாலும் தப்பு, தொடைக்கலன்னாலும் மாமி கோச்சிக்கிறாங்க. நீ வந்தாலும் வந்த, இந்த வூட்ல ஒரே சத்தமா பூட்ச்சி."

துணி பட்டால் வேலை செய்யாதபடி பேனலுக்குள்ளேயே ஒரு பூட்டு வைத்தான். பூட்டைத் திறக்க நாலு எண் போட வேண்டும். அதை ஸ்ரீநிவாசராகவன் மறந்துபோக, போட்ட பாட்டை நிறுத்த முடியாமல் மத்தியானம் வரை ஓடியது. அன்றைக்கு வேல்ராஜ் சுத்தமாகத் தூங்கவில்லை. பூட்டை எடுத்துவிட்டான்.

தூக்கம் இல்லாத மனுசன் பெல்ட்டுக்கு முன்னால் நின்றால் என்ன ஆகும்? திரை வரும், தொடுவான், தள்ளுவான். பச்சையா சிவப்பா என்பது கண்ணுக்குப் போகும், மூளைக்குப் போகாது. ஒரு ராத்திரி, உயிரே இல்லாத திரைகளை வரிசையாகப் பச்சைப் பெட்டியில் தள்ளியிருந்தான். சூப்பர்வைசர் ஜனார்தன் அவனை லைனை விட்டுத் தனியாகக் கூப்பிட்டார். திட்டவில்லை. குரலை இறக்கித்தான் பேசினார்.

"வேல்ராஜ், இன்னொரு வாட்டி இது மாதிரி ஆச்சுன்னா என் கைல ஒண்ணும் இல்லப்பா. மறுபடியும் பிரேக்தான். இந்த வாட்டி கூப்பிடவும் மாட்டாங்க."

பஸ்ஸில் திரும்பும்போது வேல்ராஜ் அதையே நினைத்துக்கொண்டு வந்தான். இந்தப் பஸ் ஒன்றுதான் அவனுக்கு ஆறுதல். மற்ற நாளில் ஏறி உட்கார்ந்ததுமே கண் அசந்துவிடுவான். கம்பெனியில் அவனை யாரும் பெரிதாக மதிப்பதில்லை என்றாலும், பஸ்ஸில் ஒரு மரியாதை இருந்தது. எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் அவன் பக்கத்து சீட்டில் யாரும் உட்காருவதில்லை. முன்னும் பின்னும்கூடக் காலியாக விட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வருவார்கள். சீனியர் என்கிற எண்ணம் இருக்கும்.

வேலையைக் காப்பாற்ற வேண்டும் என்றால் தூக்கம் வேண்டும். தூக்கம் வேண்டும் என்றால் பேனலை அடக்க வேண்டும். யாருக்கும் தெரியாமல் பேனலில் நேரம் குறித்து வைத்தான். காலை முழுக்க யார் பாட்டைப் போட்டாலும் உடனே அணைந்துவிடும். நிம்மதியாகப் போய்ப் படுத்தான். தூங்கினான். பாட்டு வந்தது. அணைந்தது. வந்தது. அணைந்தது. இப்படி விட்டு விட்டு வருவதற்கு, முன்பு தொடர்ந்து வந்ததே தேவலை.

பேனலுக்குள் ஏதோ இருக்கிறது என்று அவனுக்குச் சந்தேகம் வந்தது. மறுநாள் படுக்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காவல் காத்தான். கீழே நிசப்தம். மாமி மோர் சிலுப்புகிற சத்தம்கூடக் கேட்டது. காவல் போதும் என்று படுத்துக் கண் அசந்தான். நாதஸ்வரம். பாயை எடுத்து அடுத்த மூலையில் போட்டான். நாதஸ்வரம். தலையை வாசல் பக்கம் திருப்பி வைத்துப் படுத்தான். நாதஸ்வரம். மாடிப்படித் திருப்பத்தில் போய் முடங்கிப் படுத்தான். அங்கே படுத்த அன்றைக்குத்தான் வேகம் ஐந்தின் முழு அர்த்தமும் தெரிந்தது.

அய்யாத்துரையிடம் கேட்டான். அய்யாத்துரை, இவன் ஊரிலிருந்து திரும்பி வந்தபிறகு அதே ரூமில் சேர்ந்த பாதி வாடகைக்காரன், தண்டலம் பக்கத்தில் ஒரு குடோனில் பகல் வேலை. ராத்திரி அவன் படுக்கிற பாயில்தான் பகலில் இவன் படுப்பான். அவன் எழுந்த சூடு ஆறுமுன்னே இவன் முதுகு அதில் விழும். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவன் வாலாஜாபாத்தில் அக்கா வீட்டுக்குப் போய்விடுவான். ஒரே ரூமில் இருந்தும் இருவரும் ஒன்றாகத் தூங்கினதே கிடையாது. காலையில் கேட்டருகே, ஒருவன் போக ஒருவன் வர, பேசிக்கொள்கிறதுதான்.

"நான் படுக்கும்போது ஊசி விழுந்தாக் கேக்கும்ல" என்றான் அய்யாத்துரை. "ஒரு நாளும் பாட்டு வந்ததே இல்ல. ஒனக்கு மட்டும் வருதுன்னா, ஒன் போன்லதான் ஏதோ கிடக்கு. அத வச்சுத்தான பேனல செட் பண்ண? ஒன் போன் அசந்தா அது முழிக்கும் போல."

நல்ல மூளை என்று வேல்ராஜ் போனை அணைத்தான். பாட்டு வந்தது. போனை அய்யாத்துரையிடமே கொடுத்து தண்டலத்துக்கு அனுப்பினான். பாட்டு வந்தது. அன்றைக்குப் பார்த்து வேல்ராஜின் அம்மா ஊரிலிருந்து போன் செய்ய, அய்யாத்துரை எடுத்து, வேல்ராஜ் தூங்குகிறான் என்று சொல்ல, பகலில் எவன் தூங்குவான், என் பிள்ளைக்கு என்னமோ ஆகிவிட்டது என்று அந்த அம்மா அழுதது தனிக் கதை.

மறுநாள் கேட்டருகே அய்யாத்துரை சைக்கிளை நிறுத்திவிட்டு அவனை ஓரமாக இழுத்துக்கொண்டு போனான்.

"நான் நேத்து முழுக்க யோசிச்சேம்ல. பேனல்ல ஒண்ணும் இல்ல. போன்லயும் ஒண்ணும் இல்ல. அவுக ஒன்னய வெளியேத்தப் பாக்காக."

"சும்மா கெடல. அவரு தங்கமான மனுசன்."

"தங்கமான மனுசன் வாயத் தொறந்து போன்னு சொல்வாரா? பாட்டுப் போட்டுத்தான் சொல்வாரு. பாட்டு மேல ஆசை உள்ளவுக காதுல துண்டக் கட்டிக்கிட்டா கேப்பாக? நீயே சொல்லு. எனக்குப் பாக்கி இல்ல, எனக்குப் பாட்டு இல்ல. ஒனக்குப் பாக்கி இருக்கு, ஒனக்குப் பாட்டு இருக்கு. கணக்கு சரியாப் போச்சா?"

வேல்ராஜ் கூட்டிப் பார்த்தான். கணக்கு சரியாகத்தான் இருந்தது. சத்தம் போதவில்லை என்று அவர் சிவந்த கண்ணோடு வந்து நின்றதும், கூரையைக் கரண்டியால் மாமி குறி பார்த்ததும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து தைத்தது. பாக்கியை மறந்துவிடுவோம் என்று சொன்னது வாய்ப் பேச்சு. மனசு மறக்கவில்லை. அக்காரவடிசல் தின்ற வாய் அவனுக்கே கசந்தது.

அந்த மாதம் கிடைத்த ஓ.டி. எல்லாம் எடுத்தான். ஞாயிற்றுக்கிழமையும் போனான். டீயைக் குறைத்தான். சம்பளம் அக்கவுண்டில் ஏறிய அன்று காலை பஸ்ஸை விட்டு இறங்கி, ஏ.டி.எம்.மில் நின்று, பழைய சம்பளக் கவர் ஒன்றில் பணத்தை வைத்துக்கொண்டு நேராகக் கீழ்வீட்டுக்குள் நுழைந்தான். பாக்கியைக் கொடுப்பது, அதன்பிறகு தலை நிமிர்ந்து நின்று கேட்பது, அவர்கள் போகச் சொன்னால் பாயைச் சுருட்டிக்கொண்டு போவது. வேறு ரூம் கிடைக்காமலா போகும்.

ஸ்ரீநிவாசராகவன் ஈஸிசேரில் இருந்தார். மாமி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். காவேரி கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூவரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள்.

அவன் கவரை நீட்டினான். "சார், பழைய பாக்கி."

அவர் வாங்கிப் பிரித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு எழுந்து வந்து, அவன் சட்டைப் பையிலேயே அதைச் செருகினார்.

"பேசினது பேசினதுதான் வேல்ராஜ். நீ பேனலைப் பண்ணிக் குடுத்துட்டே, அந்தக் கணக்கு அன்னிக்கே தீர்ந்துது. நியாயமாப் பார்த்தா நான்தான் நோக்கு மேல போட்டுக் குடுக்கணும். இந்த ஆத்துல இப்போ எங்க உயிரைக் காப்பாத்திண்டிருக்கறதே அது ஒண்ணுதான்."

வேல்ராஜ் நாக்கைப் புரட்டிப் பார்த்தான். அதன்மேல் ஒன்றும் இல்லை. ஏழாயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய் எழுந்து போய்விட்டிருந்தது. வந்ததிலிருந்து அடைத்துக் கிடந்த வாய் திறந்துகொண்டது.

தன்னை வெளியேற்றத்தான் இந்தப் பாட்டு என்று நினைத்துவிட்டதாக அவன் சொன்னான். தூக்கம் இல்லாததால் வேலைக்கே ஆபத்து வந்ததையும் சொன்னான்.

மாமி முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "ஒன்னையா? பெருமாளே. ராத்திரியெல்லாம் ஒழைச்சுட்டு வர்ற கொழந்தை, மனசு நோக ஒரு வார்த்தை சொல்லிடப்படாதுன்னு நாங்க ரெண்டு பேரும் எத்தனை பாடுபட்டுண்டிருக்கோம் தெரியுமா?"

"அப்ப எதுக்கு மாமி தெனமும் நான் படுத்ததும் பாட்டு? ஒங்க ரெண்டு பேருக்கும் பாட்டுன்னா அவ்வளவு பிரியமா?"

ஸ்ரீநிவாசராகவன் பேனலில் ஹைதராபாத் வெயில் எவ்வளவு என்று குனிந்து பார்க்க ஆரம்பித்தார். மாமி, அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு, அடுப்பே மூட்டாத சமையலறைக்குள் போனாள்.

காவேரி துடைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"இவங்களுக்கா பாட்டு பிரியம்? நீ மேல படுத்து கொறட்ட வுட ஆரம்பிச்சப்பறந்தான் தம்பி, பரண்ல தூசி புடிச்சிக் கெடந்த அந்தப் பொட்டியவே இவங்க கரண்ட்ல சொருவுனாங்க."